பெயர்ப்பலகையின் ஆயுள்

கல்முனைப் பிரதான வீதியிலுள்ள ஒரு புடவைக்கடையின் பெயர்ப்பலகையை இரண்டு தடவை மாற்றி எழுதியதைப் பார்த்தவன் நான். முதலில் அது என் மூத்தாப்பாவின் பெயரில் இருந்தது. அவர் மௌத்தான பிறகு பெயருக்குப் பக்கத்தில் ‘அன் சன்ஸ்’ என்று சிவப்பு எழுத்து சேர்ந்தது. பல வருடம் கழித்து மூத்த மாமா இறந்தார். நாற்பதாம் நாள் கத்தம் முடிந்து இரண்டு கிழமைக்குள் பெயின்ரர் ஏணி வைத்து ஏறி, அந்தச் சிவப்பு எழுத்தைத் தகட்டால் சுரண்டினார். சுரண்டிய தூள், கீழே நின்ற சின்ன மாமாவின் தோளில் விழுந்துகொண்டிருந்தது. அவர் அண்ணாந்து பார்க்கவேயில்லை.

கடைக்குள்ளே பங்கு பிரித்தார்கள். சாரன் கட்டுகளை எண்ணுவது சுலபம். வொயிலையும் சேர்ட் துணியையும் யார் வைத்து அளந்துவிடலாம். கஷ்டமாகிப் போனது கடன் கொப்பிதான். எங்கள் கரையில் வெள்ளாமைக்காரர் பெருநாளுக்கும் கல்யாணத்துக்கும் உடுப்பெடுத்தால் “வெட்டு முடிஞ்சதும் தாறன்” என்பார்கள். கொப்பியில் பெயரும் தொகையும் ஏறும், அவ்வளவுதான், கையெழுத்துக் கிடையாது. நாற்பது வருட வியாபாரத்தின் உயிர் அந்தக் கொப்பியில் இருந்தது. அதை எப்படிப் பிரிப்பது? சம்மாந்துறைக் கடன்கள் ஒருவருக்கு, நிந்தவூர்க் கடன்கள் இன்னொருவருக்கு, மிச்சம் மூத்த மாமாவின் பிள்ளைகளுக்கு என்று முடிவாகி, தாள்களைக் கழற்றினார்கள். வசூலுக்குப் போன சின்ன மாமாவிடம் ஒரு பெரியவர் சொன்னார்: “தம்பி, நான் ஒங்கட காக்காக்குத்தான் கடன்காரன். அவர்ர புள்ளையள் வந்து கேட்டாக் குடுப்பன். ஒங்களுக்கு எப்பிடித் தாற?” அந்த மனிதர் ஏமாற்றவில்லை. அவர் மனத்தில் கடை என்று ஒன்று இருக்கவில்லை, மூத்த மாமா என்ற ஆள்தான் இருந்தார். ஆள் போனதும் கடையும் போய்விட்டது.

மாமாமார் மூவரும் கெட்டிக்காரர்கள். விடியற்காலை பஸ்ஸில் கொழும்பு இறங்கி, புறக்கோட்டையில் சரக்கெடுத்து, அன்றிரவே திரும்பி வந்து மறுநாள் கடை திறந்தவர்கள். இந்தக் கரையில் உழைப்புக்கும் துணிச்சலுக்கும் என்றைக்கும் பஞ்சம் இருந்ததில்லை. ஆனாலும் கல்முனையிலும் சாய்ந்தமருதிலும் அக்கரைப்பற்றிலும் ஒரு தலைமுறையைத் தாண்டி நிற்கும் வியாபாரங்கள் குறைவு. அவை ஏன் இவ்வளவு சீக்கிரம் இறக்கின்றன என்று நான் பல வருடமாக யோசித்து வருகிறேன். ஒரு வியாபாரம் வளர இரண்டு விஷயம் தேவை. சாகாத ஓர் ஆள் வேண்டும். சொன்ன சொல்லை இரவோடிரவாக மாற்றாத ஓர் அரசு வேண்டும். முதலாவதைத் தருவது கம்பனிச் சட்டம், இரண்டாவதைத் தருவது அரசியலமைப்பு. இரண்டும் எங்கள் கரைக்குப் பாதி வழிதான் வந்திருக்கின்றன.

எழுபத்திரண்டு பங்கு

மாமாமாரிடம் இருந்தது பிரதேச செயலகத்தில் எடுத்த வியாபாரப் பெயர்ப் பதிவுச் சான்றிதழ் ஒன்று. கல்லாவுக்கு மேலே சட்டம் போட்டு மாட்டியிருந்தார்கள். அந்தச் சான்றிதழ் ஒரு பெயரைப் பதிவு செய்கிறதே தவிர, புதிதாக ஓர் ஆளை உருவாக்குவதில்லை. பங்காளி வியாபாரங்களுக்கு இலங்கையில் இங்கிலாந்துச் சட்டம் பொருந்தும் என்று 1866ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் சொல்லிவிட்டது. அதன்படி பங்காளிகளுக்குள் வேறு உடன்பாடு எழுதி வைக்காவிட்டால், ஒருவர் இறந்ததும் கூட்டு கலைந்துவிடும். என் மாமாமார் எதையும் எழுதி வைத்திருக்கவில்லை.

கம்பனி வேறு சாதி. 1897இல் லண்டனில் ஒரு தோல், சப்பாத்து வியாபாரியின் வழக்கில் பிரபுக்கள் சபை இதைத் தீர்த்து வைத்தது. சலமன் என்ற அந்த மனிதர் தன் கடையைக் கம்பனியாக மாற்றி, மனைவிக்கும் ஐந்து பிள்ளைகளுக்கும் ஆளுக்கொரு பங்கு கொடுத்துவிட்டு, மிச்சத்தைத் தன் கையில் வைத்திருந்தார். கம்பனி நொடித்தபோது, ‘இது வெறும் சலமன்தான், அவரே கடனைக் கட்டட்டும்’ என்றார்கள் கடன் கொடுத்தவர்கள். இல்லை, கம்பனி வேறு, சலமன் வேறு என்றது தீர்ப்பு. ஒரு குடும்பக் கடையின் வழக்குத்தான் உலகத்துக் கம்பனிச் சட்டங்களுக்கெல்லாம் தூணாக நிற்கிறது.

இலங்கைக்கு இந்த ஏற்பாடு இன்னும் முன்பே வந்தது. 1861இலேயே கூட்டுப்பங்குக் கம்பனிகள் கட்டளைச் சட்டம் வந்துவிட்டது. மலைநாட்டுக் கோப்பிக்கும், பிறகு தேயிலைக்கும் அது முதல் திரட்டிக் கொடுத்தது. தோட்டத்துரை செத்தாலும் ஊருக்குத் திரும்பினாலும் தோட்டம் கைமாறி ஓடிக்கொண்டிருந்தது. அதற்குப் பிறகு 1938, 1982 என்று சட்டங்கள் மாறி, இப்போது நடைமுறையில் இருப்பது 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டம். நியூசிலாந்துச் சட்டத்தைப் பெரும்பாலும் தழுவியது. அதன்படி ஒரே ஒரு பங்குதாரர் இருந்தாலே கம்பனி தொடங்கலாம். சிறுபான்மைப் பங்குதாரரை நசுக்கினால் அவர் நீதிமன்றம் போகலாம். பணிப்பாளர்கள் கண்ணை மூடிக்கொண்டு கம்பனியைக் குழியில் தள்ள முடியாது. ஆக, மலையில் தேயிலைக்குக் கிடைத்த சட்டக் கருவி, நூற்றைம்பது வருடமாகக் கரையில் புடவைக்கடைக்கும் அரிசி ஆலைக்கும் திறந்துதான் இருந்தது.

துருக்கிய வம்சாவளிப் பொருளியலாளர் திமூர் குரான் 2011இல் ஒரு நூல் எழுதினார். மத்திய கிழக்கு ஏன் ஐரோப்பாவுக்குப் பின்தங்கியது என்பது அவர் கேள்வி. மார்க்கம் வியாபாரத்தைத் தடுக்கவில்லை என்கிறார். ஆனால் வாரிசுச் சட்டம் சொத்தைப் பலருக்குப் பிரித்தது. கூட்டு வியாபாரம் ஒரு பங்காளியின் மௌத்தோடு கலைந்தது. இதனால் வியாபாரிகள் கூட்டுகளைச் சிறிதாகவும் குறுகிய காலத்துக்குமே வைத்துக்கொண்டார்கள். சாகாத சட்ட ஆள் அங்கே உருவாகவில்லை என்பது அவர் வாதம். இதைப் படித்த இரவு எனக்கு அந்தக் கடன் கொப்பியின் கழற்றிய தாள்கள்தான் கண்ணில் நின்றன.

ஆனால் அவர் சொல்வதைப் பாதிதான் ஏற்கிறேன். எங்கள் வாரிசு முறைக்குக் கம்பனியைவிட நல்ல தோழன் வேறெதுவும் இல்லை. கணக்குப் போட்டுப் பாருங்கள். மூத்தாப்பா மௌத்தானபோது மூத்தம்மா உயிரோடிருந்தார். மூன்று ஆண் பிள்ளைகள், மூன்று பெண் பிள்ளைகள். 1931ஆம் ஆண்டின் முஸ்லிம் வாரிசுரிமைக் கட்டளைச் சட்டம் எங்கள் மார்க்கச் சட்டத்தின்படியே பிரிக்கச் சொல்கிறது. மனைவிக்கு எட்டில் ஒன்று. மிச்சத்தில் ஆணுக்கு இரண்டு, பெண்ணுக்கு ஒன்று. கடையை 72 பங்காக்கினால் மூத்தம்மாவுக்கு 9, மாமாமாருக்கு ஆளுக்கு 14, உம்மாவுக்கும் பெரியம்மாவுக்கும் சாச்சிக்கும் ஆளுக்கு 7. ஒரு சதமும் மிச்சம் வராது. தாளில் பங்கு பிரியும், கடை பிரியாது. மூத்த மாமா போனாலும் அவருடைய 14 பங்கு அவர் மனைவி மக்களுக்குப் போகும். கொப்பி ஒரே கொப்பியாக, கடையின் பெயரிலேயே இருக்கும். அந்நியர் உள்ளே வரக்கூடாதென்றால், பங்கை முதலில் குடும்பத்துக்குத்தான் விற்க வேண்டும் என்று கம்பனியின் அமைப்பு விதிகளில் எழுதிக்கொள்ளலாம்.

அந்த மூன்று ஏழுகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். “பொண்டுகளுக்கு வீடு குடுத்தாச்சி, கடைல பங்கு இல்ல” என்றுதான் எங்கள் வீட்டில் பேச்சு. மார்க்கச் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. நாட்டுச் சட்டமும் சொல்லவில்லை. உம்மாவும் கேட்கவில்லை, சாச்சியும் கேட்கவில்லை. எழுதாத கூட்டில் கேட்காதவர்கள் முதலில் காணாமல் போவார்கள்.

மனைவியின் வீடு

அப்படியானால் ஏன் யாரும் கம்பனி பதியவில்லை? இதைப் பத்துப் பேரிடம் கேட்டிருப்பேன். அறியாமை என்று சொல்லி முடித்துவிட முடியாது.

எங்கள் கரையின் வழக்கம் மற்ற ஊர்களைப் போன்றதல்ல. கல்யாணமானால் ஆண்தான் பெண் வீட்டுக்குப் போகிறான். வீடும் வளவும் மகளுக்குச் சீதனமாகப் போகும். அக்காவும் தங்கையும் ஒரே வளவில் வேலிக்கு வேலி வாழ, காக்காவும் தம்பியும் ஊரூராய்ப் பிரிந்து போகிறார்கள். மூத்த மாமா சாய்ந்தமருதில், நடு மாமா நிந்தவூரில், சின்ன மாமா நற்பிட்டிமுனையில். சகோதரர் கடை என்று பலகையில் எழுதியிருந்தாலும், அதன் பின்னால் சகோதரருக்குப் பொதுவான ஒரு வீடு இருக்கவில்லை. காலையில் மூன்று ஊரிலிருந்து வந்து, இரவில் மூன்று ஊருக்குப் பிரிந்து போகும் கடை அது.

இப்போது வங்கிக்கு வாருங்கள். வரையறுத்த பொறுப்பு என்பதுதான் கம்பனியின் பெரிய வாக்கு. கம்பனி நொடித்தால் உன் பங்குதான் போகும், உன் வீடு போகாது. ஆனால் சிறிய கம்பனிக்குக் கடன் கேட்டுப் போனால் முகாமையாளர் முதலில் கேட்பது பணிப்பாளரின் சொந்தப் பிணையையும் காணி உறுதியையும். உறுதி மனைவியின் பெயரில் இருக்கிறது. மனைவியின் வாப்பா வயல் விற்றுக் கட்டிய வீடு. எனக்குத் தெரிந்த ஒருவர் அப்படி மனைவியைக் கூட்டிக்கொண்டு போய்க் கையெழுத்து வாங்கினார். மேசைக்கு முன்னால் அந்த ராத்தா பேனாவைப் பிடித்தபடி நெடுநேரம் உட்கார்ந்திருந்தார். “இது எங்கட வாப்பாட வீடு” என்று ஒரு தடவை மட்டும் சொன்னார். பிறகு கையெழுத்து வைத்தார். ஈடு வைத்த சொத்தை நீதிமன்றம் போகாமலே ஏலம் விடும் அதிகாரத்தை 1990ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டம் வங்கிகளுக்குக் கொடுத்திருக்கிறது. பொருளாதார நெருக்கடியில் சிறு வியாபாரிகள் கூக்குரலிட்டதால் 2024இல் பாராளுமன்றம் அதைத் தற்காலிகமாக நிறுத்திவைத்தது. சட்டம் எழுதிக் கொடுத்த வரையறுத்த பொறுப்பு, எங்கள் ஊரில் மனைவியின் வீட்டுப் படலையோடு முடிந்துவிடுகிறது.

பங்குதாரருக்குள் தகராறு வந்தால்? கம்பனி வழக்கைக் கேட்கும் வணிக மேல் நீதிமன்றம் கொழும்பில். கல்முனையில் மேல் நீதிமன்றம் இருக்கிறது, ஆனால் கம்பனி வழக்கு அதற்கு உரியதல்ல. முந்நூறு கிலோமீற்றருக்கும் மேலே இரவு பஸ்ஸில் போய், விளங்காத ஆங்கிலத்தில் தன் வழக்கு நடப்பதைப் பின்வரிசையில் இருந்து பார்த்து, தவணை வாங்கிக்கொண்டு திரும்ப வேண்டும்.

இதையெல்லாம் விட ஆழமானது ஒன்று இருக்கிறது. பழைய அரிசி ஆலை முதலாளி ஒருவர், எண்பதைத் தொட்டவர், என்னிடம் சொன்னார்: “மகன், கடுதாசிய நம்பச் சொல்றீங்க. கடுதாசி அடிக்கிறவன் நாளைக்கு வேற கடுதாசி அடிப்பான். ஆளெண்டா மொகத்தப் பாத்துக் கேக்கலாம்.” அவர் கம்பனிச் சட்டத்தைப் பற்றிப் பேசவில்லை. அரசைப் பற்றிப் பேசினார். கடுதாசியை நம்ப வைப்பது அரசியலமைப்பின் வேலை.

ஒரு வர்த்தமானி, ஒரு போகம்

2021 மே 6ஆம் திகதி ஓர் அதிவிசேட வர்த்தமானி வெளியானது. 1969ஆம் ஆண்டின் இறக்குமதி ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ் இரசாயனப் பசளை இறக்குமதி தடைப்பட்டது. நாட்டின் நெற்களஞ்சியங்களில் ஒன்று அம்பாறை மாவட்டம். சேனநாயக்க சமுத்திரத்தின் தண்ணீரில் சம்மாந்துறை, நிந்தவூர், அக்கரைப்பற்று, இறக்காமம் வயல்கள் விளைகின்றன. பாராளுமன்றத்தில் விவாதம் நடந்து, வட்டைவிதானைமாரிடம் கேட்டு, ஒரு போகம் பரீட்சித்துப் பார்த்துச் செய்த மாற்றமல்ல அது. மேலிடத்தில் எடுத்த முடிவு, கையெழுத்து விழுந்த நாளே சட்டம். பிரதான வீதியில் பசளைக்கடை வைத்திருந்தவர்களிடம் அனுமதிப்பத்திரம் இருந்தது, களஞ்சியம் இருந்தது, வங்கிக் கடனும் இருந்தது. பசளை மட்டும் இல்லை.

நவம்பர் இறுதியில் தடை தளர்ந்தது. அதற்குள் பெரும்போக விதைப்பு முடிந்திருந்தது. அந்தப் போகம் பார்க்க அழுகை வந்தது. முழங்காலளவு நிற்க வேண்டிய பயிர் கணுக்காலளவில் மஞ்சளித்து நின்றது. நாடு முழுவதும் முந்தைய பெரும்போகத்தில் சுமார் 30 இலட்சம் தொன் விளைந்த நெல், 2021/22இல் 20 இலட்சத்துக்கும் கீழே போனது. 2022 மே மாதத் தொடக்கத்தில் நோன்புப் பெருநாள். எங்கள் மாமா ஒருவரின் கடையில் பெருநாளுக்கு முதல் கிழமை இரவு பன்னிரண்டு மணிக்கும் சனம் நெரியும். அந்த வருடம் எட்டு மணிக்கே மேசையைத் துடைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். வெட்டில் ஒன்றும் இல்லையென்றால் கொப்பியிலும் ஒன்றும் இல்லை.

அதே காலத்தில் நடந்த இன்னொன்றைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். இரசாயனப் பசளைக்குப் பதிலாகச் சேதனப் பசளை வாங்க ஒரு சீனக் கம்பனியோடு ஒப்பந்தம் போட்டார்கள். மாதிரிகளில் தீங்கான நுண்ணுயிர் இருப்பதாக இங்குள்ள அதிகாரிகள் சொல்ல, கப்பல் இறக்கப்படவில்லை. கொடுப்பனவை நிறுத்தக் கொழும்பில் நீதிமன்றத் தடையும் வந்தது. ஆனால் ஒப்பந்தம் ஒப்பந்தம்தான், கடன் கடிதம் கடன் கடிதம்தான். இலங்கை 2022 ஜனவரியில் 67 இலட்சம் டொலர் கட்டியது, ஒரு மூடை பசளையும் கரை சேராமலே. அந்தக் கம்பனியிடம் அரசைக் கட்டிப்போடும் தாள் இருந்தது. நிந்தவூர் வெள்ளாமைக்காரரிடம் இருக்கவில்லை. அரசு நட்டஈடு அறிவித்தது உண்மை. அது அரசு மனமிரங்கிக் கொடுத்தது. அவர் உரிமையோடு கேட்டு வாங்கியதல்ல.

எங்கள் 1978 அரசியலமைப்பைத் திறந்தால் இந்த வேறுபாடு எழுத்திலேயே தெரிகிறது. 14ஆம் உறுப்புரை, சட்டபூர்வமான எந்தத் தொழிலையும் வியாபாரத்தையும் தனியாகவோ பிறரோடு சேர்ந்தோ நடத்தும் சுதந்திரத்தைப் பிரஜைக்குக் கொடுக்கிறது. ‘பிறரோடு சேர்ந்து’ என்ற சொல் எனக்குப் பிடித்த சொல். கம்பனியின் விதை அதற்குள் இருக்கிறது. ஆனால் அடிப்படை உரிமைகள் அத்தியாயத்தில் சொத்துரிமை இல்லை. மாறாக, 157ஆம் உறுப்புரைப்படி, வெளிநாட்டு முதலீட்டைப் பாதுகாக்கும் ஓர் உடன்படிக்கையைப் பாராளுமன்றம் மூன்றிலிரண்டால் ஏற்றால் அது சட்டமாகிவிடும். தேசியப் பாதுகாப்பு என்ற ஒரு காரணம் தவிர, அதற்கு மாறாகச் சட்டமும் இயற்றக் கூடாது, நிர்வாக நடவடிக்கையும் எடுக்கக் கூடாது. அந்நியருக்குக் கொடுத்த வாக்கை யாப்பே காவல் காக்கிறது. அது சரியான ஏற்பாடு, நான் குறை சொல்லவில்லை. அதே காவல் கல்முனைப் பசளைக்கடைக்கு ஏன் இல்லை என்பதே என் கேள்வி. அவருக்கு உள்ள வழி, உரிமை மீறப்பட்ட ஒரு மாதத்துக்குள் கொழும்பு உயர் நீதிமன்றத்தில் மனுப் போடுவது. சட்டம் ஒன்று நிறைவேறிவிட்டாலோ அதுவும் கிடையாது. சபாநாயகர் சான்றுரை எழுதிய பின் எந்த நீதிமன்றமும் அதன் செல்லுபடியைக் கேட்க முடியாது என்கிறது 80ஆம் உறுப்புரை. 2011இல் நலிவடைந்த நிறுவனங்கள், பயன்படாத சொத்துகள் என்று 37ஐ ஒரே சட்டத்தால் அரசு சுவீகரித்தபோது, அது அவசர சட்டமூலமாகச் சில நாளில் நிறைவேறியது. அதற்குப் பிறகு வழக்காட வாசல் இருக்கவில்லை.

அரசைக் கட்டிப்போடுவதால் அரசு பலவீனமாவதில்லை. 1688 புரட்சிக்குப் பிறகு இங்கிலாந்தில் அரசரின் கடனும் வரியும் பாராளுமன்றத்தின் பிடிக்குள் வந்தன. 1690களில் 14 சதவீதம் வட்டி கொடுத்துக் கடன் வாங்கிய அரசு, 1730களில் 3 சதவீதத்துக்கு வாங்கியது. சொன்ன சொல்லை மாற்ற முடியாத அரசுக்கு மலிவாகக் கடன் கிடைத்தது. எங்கள் நாட்டில் 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாதென்று அறிவித்தார்கள். அந்த வருடக் கடைசியில் அரசாங்கத் திறைசேரி உண்டியலின் வட்டி 30 சதவீதத்தைத் தாண்டி நின்றது. அரசுக்கே அந்த வட்டியென்றால் புடவைக்கடைக்கு யார் கடன் கொடுப்பார்?

2023 நவம்பர் 14ஆம் திகதி உயர் நீதிமன்றம் தந்த தீர்ப்பை இங்கே மறக்கக் கூடாது. வர்த்தக சம்மேளனத்தின் முன்னாள் தலைவர் சந்திர ஜயரத்ன, முன்னாள் நீச்சல் வீரர் ஜூலியன் போலிங் முதலானோர் போட்ட மனுக்களில், கோட்டாபய, மஹிந்த, பசில் ராஜபக்ஷ உட்பட உயர் பதவியில் இருந்தவர்கள் மக்கள் தந்த பொறுப்பை மீறிப் பொருளாதாரத்தைச் சீரழிய விட்டார்கள் என்று பெரும்பான்மைத் தீர்ப்பு வந்தது. பொருளாதார முடிவும் அரசியலமைப்புக்குப் பதில் சொல்ல வேண்டும் என்று இந்த நாட்டில் இவ்வளவு தெளிவாகச் சொன்ன தீர்ப்பு எனக்குத் தெரிந்து வேறில்லை. அன்று அதைத் தேநீர்க் கடையில் சத்தமாக வாசித்துக் காட்டினார்கள். ஒருவர் எழுந்து வாசித்தவருக்குக் கைகொடுத்தார்.

கரையிலே இன்னொரு பயம் இருக்கிறது. 2018 பெப்ரவரி 26ஆம் திகதி இரவு, அம்பாறை நகரில் ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில் கருத்தடை மாத்திரை கலந்ததாக வதந்தி கிளம்பி, கடைகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. அது வெறும் மாவுக் கட்டிதான் என்று அரசாங்கப் பகுப்பாய்வாளர் பிறகு அறிக்கை கொடுத்தார். அறிக்கை வந்தபோது கடை போயிருந்தது. கடையைப் பெரிதாக்கினால் கண்ணுக்குப் படும் என்று நினைக்கும் வியாபாரி எங்கள் பக்கம் இன்றும் இருக்கிறார். அவருக்கு முதலீட்டுச் சலுகையைவிட, அந்த இரவில் ஒரு பொலிஸ் வண்டி நேரத்துக்கு வந்து நிற்பது பெரிய விஷயம்.

ஒலுவிலுக்கு யார் கூட்டம் கூட்டுவது?

ஒலுவில் துறைமுகம் மர்ஹூம் எம்.எச்.எம். அஷ்ரபின் கனவு. துறைமுக அமைச்சராக இருந்தவர், தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தையும் அதே ஊருக்குக் கொண்டுவந்தவர். 2000 செப்டெம்பரில் ஹெலிகொப்டர் விபத்தில் அவர் போன பிறகு, டென்மார்க் கடனில் 2008இல் வேலை தொடங்கி, 2013 செப்டெம்பர் முதலாம் திகதி துறைமுகம் திறக்கப்பட்டது. வாசலை மணல் மூடியது. சரக்குக் கப்பல்கள் வந்து போகும் துறைமுகமாக அது ஆகவில்லை. அலைத்தடுப்புக்கு வடக்கே ஒலுவில் கரையையும் நிந்தவூர்க் கரையையும் கடல் தின்றது. வேர் தெரியத் தென்னைகள் கடலுக்குள் சாய்ந்து கிடந்ததை நான் போய்ப் பார்த்திருக்கிறேன். துறைமுகத்துக்கென்று காணி கொடுத்தவர்கள் நட்டஈட்டுக்கு அலைந்தார்கள். மீனவர் தோணி இறக்க இடமில்லாமல் அலைந்தார்கள்.

கம்பனிகள் சட்டத்தின் 220ஆம் பிரிவு என்ன சொல்கிறது தெரியுமா? ஒரு கம்பனியின் தேறிய சொத்து, அதன் மூலதனத்தில் பாதிக்கும் கீழே இறங்கினால், பணிப்பாளர் சபை 20 வேலை நாளுக்குள் விசேட பொதுக்கூட்டத்துக்கு அழைப்பு விட வேண்டும். நட்டத்துக்குக் காரணமென்ன, இனி என்ன செய்யப் போகிறீர்கள் என்று பங்குதாரர் முன்னால் எழுத்தில் சொல்ல வேண்டும். இரண்டு பேர் சேர்ந்து நடத்தும் பேக்கரிக் கம்பனிக்கும் இந்தக் கடமை உண்டு. மூலதனமெல்லாம் மணலில் புதைந்த ஒலுவிலுக்கு அப்படி ஒரு கூட்டம் நடக்கவேயில்லை. அந்தக் கடனைக் கட்டிய பங்குதாரர் நாங்கள்தான்.

கூட்டம் கூட்ட வேண்டிய சபைகளைப் பாருங்கள். 13ஆம் திருத்தத்தால் பிறந்த கிழக்கு மாகாண சபை 2017 செப்டெம்பர் முடிவில் கலைந்தது. அதன் பிறகு தேர்தல் இல்லை, ஆளுநர்தான். 2020 பெப்ரவரியில் சாய்ந்தமருதுக்குத் தனி நகர சபை என்று வர்த்தமானி வந்தது. வெடி கொளுத்தினார்கள். ஒரு கிழமை கழியுமுன் அதை நிறுத்திவிட்டார்கள். 2025 மே 6ஆம் திகதி நாடு முழுவதும் உள்ளூராட்சித் தேர்தல் நடந்தபோது, வழக்கு நிலுவையில் இருந்ததால் கல்முனை மாநகர சபைக்கு வாக்களிப்பு நடக்கவில்லை. கல்முனை வடக்குப் பிரதேச செயலகப் பிரச்சினை தமிழ் அயலவருக்கும் எங்களுக்கும் இடையே முப்பது வருடமாக எரிகிறது. அது யார் பக்கம் நியாயம் என்று தீர்க்கிற இடம் இதுவல்ல. எல்லை எதுவென்று தீராத ஊரில் யாரிடம் அனுமதி கேட்பது என்று இரண்டு பக்கத்து வியாபாரியும் ஒரே மாதிரித்தான் அலைகிறார்.

சென்ற வருடம் என் பெரியம்மாவின் மகளும், சாச்சியின் மகளும், என் தங்கையும் சேர்ந்து ஒரு கம்பனி பதிந்தார்கள். பெரியம்மாவின் மகள் ஒலுவில் பல்கலைக்கழகத்தில் வணிக முகாமைத்துவம் படித்தவள். மருதமுனைத் தறிகளில் சாரனும் சாரியும் நெய்வித்துக் கொழும்புக்கு அனுப்புகிறார்கள். நெசவுக்காரர் வீடொன்றில் அவள் பாவு நூலைக் கையில் ஏந்திச் சாயம் ஒட்டுகிறதா என்று விரலால் தேய்த்துப் பார்ப்பதை வாசலில் நின்று பார்த்தேன். மூத்தாப்பா துணியைத் தேய்த்துப் பார்க்கும் அதே விதம். கடனை அவர்கள் கம்பனியின் பெயரிலேயே எழுதுகிறார்கள், கொப்பியிலல்ல, கணினியில். வங்கியில் வீட்டு உறுதி கேட்டார்களாம். கொடுக்கவில்லை, சிறிதாகவே தொடங்கியிருக்கிறார்கள். வியாபார அனுமதிக்கு மாநகர சபைக்குப் போனாள். ஆணையாளரின் அலுவலகம் வேலை செய்கிறது, விண்ணப்பத்தை வாங்கிக்கொண்டார்கள். வீதி விளக்கையும் வடிகானையும் பற்றி யாரிடம் சொல்வதென்று கேட்டாளாம். உறுப்பினர் யாரும் இல்லை என்றார்கள்.

கம்பனி பதிந்து 18 மாதத்துக்குள் முதலாவது வருடாந்தப் பொதுக்கூட்டத்தை நடத்த வேண்டும் என்பது சட்டம். பெண்கள் மூவரும் வேலிக்கு வேலி வீட்டுக்காரர்கள் என்பதால் மண்டபம் தேட வேண்டியதில்லை. மூத்தம்மாவின் பழைய வீட்டு விறாந்தையில் கூட்டம் என்று அறிவித்தல் வந்திருக்கிறது. உம்மாவுக்கும் தங்கை கொஞ்சம் பங்கு எழுதிக் கொடுத்திருக்கிறாள். அதனால் அறிவித்தல் உம்மாவின் பெயருக்கும் ஒன்று வந்தது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டு, தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு உம்மா கேட்டார்: “இதுல நானும் பேசலாமா?”